1914 போட் மெயில் எந்தக் கடையிலயும் கிடைக்காது

எங்க தாத்தா பாம்பன் பாலத்துல ஷெர்சர் தூக்குற ஆள்ல ஒருத்தர், ஷெர்சர்ங்குறது கப்பல் போக பாலத்துல தெறக்குற பகுதி. கப்பல் வருதுன்னு தகவல் வந்தா ரெண்டு கரையிலேர்ந்தும் ஆளுக போயி இரும்புக் கம்பிய மாட்டி சுத்துவாங்க, கரண்டு கிடையாது மோட்டார் கிடையாது, கையாலதான் சுத்தணும், சுத்தச் சுத்த ரெண்டு பக்கமும் பாலம் வாயத் தெறக்குற மாதிரி மேல போகும். உள்ளங்கையில காய்ச்சுப் போயிருந்த இடத்த எனக்குத் தொட்டுப் பாக்கக் குடுப்பாரு, அது இன்னும் விரல்ல நிக்குது. அந்தப் பாலத்தயும் அது மேல மொத மொதல்ல போன ரயிலயும் வீட்டு மாடியில மாடலா செய்யணும்ங்குறது என்னோட ரொம்ப நாள் ஆச. ஆறு வருசமா செஞ்சுகிட்டு இருக்கேன், இதுல பாதிக்கு மேல நேரம் போனது செய்யுறதுல இல்ல, சாமான் தேடுறதுலதான். அதப் பத்திதான் இன்னைக்கு எழுதணும்னு உக்காந்தேன், ஏன்னா ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க, 1900-லேர்ந்து 1920 வரைக்கும் உள்ள ரயில் மாடலா எங்க கிடைக்கும்னு.

நேரா சொல்லிடுறேன். நம்ம ரயில் எங்கயும் கிடைக்காது. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாலம் தெறந்தாங்க, மெட்ராஸ்லேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும் போட் மெயில் ஓடுச்சு, அங்கேர்ந்து கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச்னு கிளாஸ்கோவுல கட்டுன ஸ்டீமர்ல தலைமன்னார், சுமார் 35 கிலோமீட்டர் கடல், அப்புறம் கொழும்புக்கு ரயில். அதுக்கு முன்னாடி தூத்துக்குடி வழியாத்தான் கொழும்புக்குப் போவாங்க. இம்புட்டு பெரிய கத உள்ள ரயிலு, சவுத் இண்டியன் ரயில்வேயோட மீட்டர் கேஜ் வண்டி, அத ஃபேக்டரியில மாடலா செஞ்சு பொட்டியில போட்டு விக்கிற கம்பெனி ஒண்ணக்கூட நான் இத்தன வருசத்துல பாக்கல. அதனால நான் தேடுறது நம்ம ரயில இல்ல, வேற நாட்டு ரயிலுக்குள்ள ஒளிஞ்சிருக்குற நம்ம ரயில. இது புரியிறதுக்கே எனக்கு ரெண்டு வருசமும் நிறைய காசும் போச்சு.

மொதல்ல கணக்கு, அது தப்பாப் போனா எல்லாமே தப்பு. மீட்டர் கேஜ்னா தண்டவாளத்துக்கு நடுவுல 1000 மிமீ. ஹெச்.ஓ ஸ்கேல்ங்குறது 87-ல ஒரு பங்கு. 1000-த்த 87-ஆல வகுத்தா 11.5 வரும். ஹெச்.ஓ.எம்-னு ஒரு தண்டவாளம் விக்கிறாங்க, அது 12 மிமீ, பாத்தா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சாதாரண ஹெச்.ஓ தண்டவாளம் 16.5 மிமீ, அது 1435 மிமீ ஸ்டாண்டர்டு கேஜ் பாதைக்கு உள்ளது, நம்ம வண்டிய அதுல வச்சா கால அகட்டி நிக்குற மாதிரி இருக்கும். நான் மொத மொதல்ல வாங்குனதெல்லாம் அந்த 16.5 தான், அத தம்பி மகனுக்குக் குடுத்துட்டேன், அவன் சந்தோசமா ஓட்டுறான். ஹெச்.ஓ.இ-ன்னு இன்னொண்ணு இருக்கு, கடைசி எழுத்த மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, அது 9 மிமீ, குட்டி ரயிலுக்கு உள்ளது.

ஸ்பான்னா ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவுல உள்ள பாலத் துண்டு. ஷெர்சர் ஸ்பான் 225 அடி, 87-ல ஒரு பங்குன்னா கிட்டத்தட்ட 79 சென்டிமீட்டர். மத்த ஸ்பான் எல்லாம் 40 அடி, அது ஒண்ணு 14 சென்டிமீட்டர். பாலம் முழுசும் செய்யணும்னா 23 மீட்டருக்கு மேல வேணும், அம்புட்டு எடம் எங்க தெருவுக்கே கிடையாது. ஷெர்சரும் ரெண்டு பக்கமும் ஆறு ஆறு ஸ்பானும் எடுத்துக்கிட்டேன், ரெண்டரை மீட்டர்ல முடிஞ்சிருச்சு.

இப்ப வருசத்துக்கு வருவோம். எந்தக் காலத்து வண்டின்னு விக்கிறவங்க பொட்டி மேல போடுற எரா நம்பர நம்பி நிறைய பேரு தப்பு பண்ணுறாங்க. ஜெர்மன்காரங்க எபோக் 1-னு போட்டா 1920 வரைக்கும் உள்ள வண்டி, அதுதான் நமக்கு வேணும். பிரிட்டன் மாடல்ல எரா 1-னு போட்டா அது 1875-க்கு முன்னாடி, நமக்கு வேண்டியது அங்க எரா 2, 1875-லேர்ந்து 1922. ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணுதானேன்னு நெனச்சு வாங்குனா ஒங்க அப்பத்தா பொறக்குறதுக்கு முன்னாடி உள்ள வண்டி வந்து சேரும். அமெரிக்காக்காரங்க ஓல்டு டைமர்னு ஒரே வார்த்தையில எல்லாத்தயும் போட்டுடுவாங்க, அதுல 1870-ம் இருக்கும் 1910-ம் இருக்கும்.

அதனால நான் பொட்டியப் படிக்கிறத விட்டுட்டேன். போட்டோவ பெருசாக்கி கீழேர்ந்து மேல பாக்குறேன். சக்கரம், பிரேம், கொக்கி, அப்புறம்தான் பாடி, கடைசியா பெயின்ட்டு. ஏன்னா பெயின்ட்டும் பாடியும் மாத்திக்கலாம், அடிப்பகுதி அந்தக் காலத்துக்கு ஒத்துவரலன்னா ஒண்ணும் பண்ண முடியாது. சரக்கு வண்டியில அடியில கம்பி இழுத்துக் கட்டியிருக்கா பாருங்க, மர பிரேம் நடுவுல தொங்கிப் போகாம இருக்க ரெண்டு முனையிலேர்ந்தும் இரும்புக் கம்பிய இழுத்து நடுவுல முறுக்குவாங்க, டிரஸ் ராடுன்னு சொல்லுவாங்க. அது இருந்தா அமெரிக்க வண்டியில பெரும்பாலும் 1910-க்கு முந்தின சரக்கு. போகி, அதாவது வண்டிக்கு அடியில சக்கரம் மாட்டுன சட்டம், பட்டைப் பட்டையா இரும்ப வளச்சு போல்ட் போட்டதா இருந்தா அது ஆர்ச்பார், பழசு. ஒரே வார்ப்பா வழவழன்னு இருந்தா பிந்தினது. கோச்சுல கூரையப் பாக்கணும், எண்ணெ விளக்க மேலேர்ந்து ஓட்டை வழியா எறக்கி வைக்கிற காலம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மேல ஒரு குமிழ் மாதிரி மூடி வரிசையா இருக்கும். இன்ஜின்ல, சிலிண்டர் மேல உள்ள வால்வு பொட்டி தட்டையா சதுரமா இருக்கா உருளையா இருக்கான்னு பாருங்க, தட்டையா இருந்தா அநேகமா நீராவிய இன்னும் சூடாக்குற சூப்பர்ஹீட்டர் வர்றதுக்கு முந்தினது. பக்கவாட்டுல ராடு கொசகொசன்னு ஆடாம சக்கரத்துக்கு உள்ள மறஞ்சிருந்தா பெரும்பாலும் இன்னும் பழசு.

நம்ம ஆளுக அதிகமா பண்ணுற தப்பு ஒய்.பி இன்ஜின். மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின்னாலே எல்லாருக்கும் ஒய்.பி-தான் ஞாபகம் வரும், ஏன்னா நம்ம சின்ன வயசுல பாத்தது அது. ஆனா ஒய்.பி வந்தது 1949-லதான், கடைசி வண்டி 1970-ல கட்டுனாங்க. 1914 பாலத்துல ஒய்.பி-ய ஓட்டுனா அது சரித்திரத்துல நடக்காத வண்டி. அதே மாதிரி இரும்பு கோச்சு. கோச்சு கட்டுற பெரம்பூர் ஐ.சி.எஃப் தொடங்குனதே 1955. போட் மெயில் மொத மொதல்ல போனது மர கோச்சுல. இந்த ரெண்டையும் மட்டும் மனசுல வச்சுக்கிட்டாலே பாதி காசு மிச்சம்.

சரி, அப்ப எங்க வாங்குறது. எனக்கு மூணு எடம் கைகுடுத்துச்சு.

சுவிட்சர்லாந்து. அங்க ரேஷியன் ரயில்வேன்னு மலையில ஓடுறது, அதுவும் மீட்டர் கேஜ். அந்த ரயில ஹெச்.ஓ.எம்-ல பேமோன்னு ஒரு ஜெர்மன் கம்பெனி ரொம்ப வருசமா செய்யுது. அதுல ஜி 4/5-னு ஒரு நீராவி இன்ஜின், முன்னாடி ரெண்டு சின்ன சக்கரம், அப்புறம் எட்டு பெரிய சக்கரம், பின்னாடி கரியும் தண்ணியும் வைக்கிற டெண்டர் வண்டி. நிஜ வண்டி 1904-லேர்ந்து 1915 வரைக்கும் கட்டுனது. அங்க கரண்டு ரயில் வந்ததும் அதுல பல இன்ஜின சயாமுக்கும் பிரேசிலுக்கும் வித்துட்டாங்க. இத மொதல்ல படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு, ஆல்ப்ஸ் மலையில பனியில ஓடுன இன்ஜின் தாய்லாந்து வெயில்ல போயி ஓடியிருக்கு, மீட்டர் கேஜ்ங்குறதுனால. அப்ப அத என் பாம்பன் பாலத்துல ஓட விடுறதுல என்ன தப்பு? பழைய ஆளுக பாத்தா இது நம்ம வண்டி இல்லன்னு கண்டுபிடிச்சிருவாங்க, அது எனக்கும் தெரியும். சிம்னிய மாத்தி, முன்னாடி நம்ம ஊரு பெரிய விளக்க வச்சு, மாட்டுத் தடுப்பு போட்டு, டிரைவர் நிக்குற கேப்புக்கு மேல வெயிலுக்கு ரெட்டக் கூரை போட்டா ரெண்டு அடி தள்ளி நின்னு பாக்குறவங்களுக்கு சரியாத்தான் இருக்கும். வெலதான் கூடுதல், புதுசு வாங்க நம்மால ஆகாது, பழசுக்காகக் காத்திருந்து வாங்குனேன், ஒண்ணர வருசம்.

ஜப்பான். இத யாரும் சொல்லித் தரல, நானாக் கண்டுபிடிச்சேன். ஜப்பான் ரயில் 1067 மிமீ, நம்ம மீட்டர விட கொஞ்சம்தான் அகலம், அங்க ஒரு கூட்டம் 87-ல ஒரு பங்குல 12 மிமீ தண்டவாளத்துலயே மாடல் செய்யுது. அவங்களுக்கு மெய்ஜி காலத்து, அதாவது 1868-லேர்ந்து 1912 வரைக்கும் உள்ள இன்ஜின் பலதும் பிரிட்டன்லேர்ந்து போனது, பேயர் பீகாக், டப்ஸ், ஷார்ப் ஸ்டீவர்ட், நார்த் பிரிட்டிஷ். அதே மாதிரி பிரிட்டிஷ் பட்டறைகள்லேர்ந்துதான் நம்ம நாட்டு மீட்டர் கேஜுக்கும் இன்ஜின் வந்துச்சு. அதனால ஜப்பான் மாடல்ல கேப் ஓரம், பாய்லர் மேல உள்ள டோம் வளைவு, டெண்டர் ரிவிட்டு எல்லாம் நம்ம வண்டிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பித்தளைத் துண்டு துண்டா கிட்டா வரும், நாமளே ஈயம் வச்சு பத்தி ஒட்டணும். பொறும வேணும், கண்ணும் நல்லா இருக்கணும்.

மூணாவது டி.டி ஸ்கேல். அது 120-ல ஒரு பங்கு, ஆனா தண்டவாளம் 12 மிமீ. புரியுதா? அந்த இன்ஜினோட பாடிய கழட்டிப் போட்டுட்டு மோட்டாரும் சக்கரமும் உள்ள சேசிஸ மட்டும் எடுத்துக்கிட்டா நம்ம ஹெச்.ஓ.எம் பாடிக்கு அடியில உக்காந்துரும். பழைய ட்ரையாங் டி.டி, 1957-ல வந்தது, அளவு கிட்டத்தட்ட 102-ல ஒரு பங்கு, ஆனா தண்டவாளம் அதே 12 மிமீ, பிரிட்டன்ல இன்னும் பழைய சாமானா கிடைக்குது. ஹார்ன்பி 2022-ல டி.டி 120 தொடங்குனதுக்கு அப்புறம் புது சேசிஸும் சுலபமாச்சு. சக்கரம் கொஞ்சம் சின்னதாத் தெரியும், சரக்கு இன்ஜினுக்கு அது பொருத்தம்தான்.

இந்தியாவுக்கு வரவழைக்கிறதுதான் அடுத்த தலவலி. மாடல் ரயிலு கஸ்டம்ஸ் கணக்குல பொம்மையோட சேந்து வரும். 2020 பட்ஜெட்ல பொம்மைக்கு வரிய 20-லேர்ந்து 60 சதவீதம் ஆக்குனாங்க, 2023-ல 70 ஆச்சு. நாட்டுல பொம்ம செய்யுறவங்க பொழைக்கணும்னுதான் அது, அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா 1:87 மீட்டர் கேஜ் இன்ஜின் இங்க யாரும் செய்யல, அதுக்கும் அதே வரி. அதனால வாங்குறதுக்கு முன்னாடியே வெலையோட வரியையும் தபால் செலவையும் கூட்டிப் பாத்துட்டு மனசு ஒப்புனா வாங்குங்க.

எனக்கு ஒதவுனது கீழக்கரை காக்கா ஒருத்தரு, அங்க அண்ணன காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. துபாய்ல முப்பது வருசமா இருக்காரு, எங்க அப்பாவோட பழக்கம். பார்சல அவரு விலாசத்துக்குப் போட்டு வச்சிட்டா நோன்பு பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது கொண்டு வருவாரு, கேட்டா வரியும் கட்டிட்டுத்தான் வருவாரு, பில்ல தனியா எடுத்து வச்சிருப்பாரு.

"காக்கா, ஒங்களுக்கு ரொம்ப தொந்தரவு குடுக்குறேன்."

"போப்பா, எங்க வாப்பா போட் மெயில்லதான் கொழும்புக்கு யாவாரத்துக்குப் போனாரு. தனுஷ்கோடியில எறங்கி கப்பல் ஏறுனதச் சொல்லிச் சொல்லி மாயும். நீ அத செஞ்சு முடி, நான் வந்து பாக்கணும்."

அதுக்கு அப்புறம் நான் அவருக்கிட்ட தொந்தரவுன்னு சொல்லுறதில்ல.

ஏமாந்ததயும் சொல்லணும். வெளிநாட்டுல ஒருத்தர்கிட்ட பழைய இன்ஜின் ஒண்ணு வாங்குனேன், போட்டோவுல பளபளன்னு இருந்துச்சு, ஓடும்னு எழுதியிருந்தாரு. மூணு வாரம் கழிச்சு வந்துச்சு, பிரிச்சா அடி வார்ப்பு முழுக்க முடி மாதிரி விரிசல், நகத்தால அமுக்குனா பிஸ்கெட்டு மாதிரி உதிருது. ஜிங்க் பெஸ்ட்னு பேரு. துத்தநாகக் கலவையில அந்தக் காலத்துல ஈயம் கலந்து போயிருந்தா வருசம் ஆக ஆக உள்ளுக்குள்ளயே அரிச்சு ஊதி வெடிக்கும், ஈரக்காத்துல இன்னும் வேகமா. அதுக்கு மருந்து கிடையாது, ஒட்டவும் முடியாது. அதனால பழைய வார்ப்பு வண்டி வாங்குனா அடிப்பக்கம் போட்டோ கேளுங்க, பக்கவாட்டுல ஸ்கேல் வச்சு எடுக்கச் சொல்லுங்க, நடுவுல வில்லு மாதிரி வளஞ்சிருந்தா ஓரங்கள்ல உப்பியிருந்தா வேணாம். போட்டோ தர மாட்டேன்னா அங்கயே விட்டுருங்க.

நம்ம கடக்கரையில ஈரமும் உப்பும் சேந்த காத்து, பாலத்தயே தின்ன காத்து அது, மாடலுக்கு என்ன கணக்கு. நான் மொதல்ல போட்ட பித்தளத் தண்டவாளம் ஒரு மழக்காலத்துல கருத்துப் போயி கரண்டே ஏறல. இரும்புத் தண்டவாளம் சொல்லவே வேணாம். நிக்கல் சில்வர் மட்டும் வாங்குங்க, காசு கூடன்னாலும். வண்டிகள பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு இறுக்க மூடி வைக்கிறேன், மீன் கெடாம இருக்க ஐஸ் பொட்டி வச்சிருக்காங்கள்ல, அது மாதிரி ஒரு தெர்மாகோல் பொட்டிக்குள்ள அந்த டப்பா. தெக்கத்திக் காத்து அடிக்கிற மாசத்துல மாடி சன்னலத் தொறக்கவே மாட்டேன்.

கோச்சுதான் எனக்குப் பிடிச்ச வேல. பேமோவோட பழைய ரெண்டு ஆக்சில் கோச்சு மூணு வாங்குனேன், மரப் பாடி, ஆனா ரெண்டு முனையிலயும் தெறந்த திண்ண மாதிரி பால்கனி இருக்கும், சுவிஸ் வழக்கம். நம்ம கோச்சுக்கு பக்கவாட்டுல கதவு. அதனால பாடிய எடுத்துட்டு பிரேம், சக்கரம், அச்சு மட்டும் வச்சுக்கிட்டேன். புதுப் பாடிக்கு மரம் வேணும், கடையில விக்கிற பால்சா நம்ம ஈரத்துக்கு ஊறி வளஞ்சிரும். மண்டபத்துல வள்ளம் கட்டுற ஆசாரி ஒருத்தர்கிட்ட போனேன். இம்புட்டு மெல்லிசா தேக்கு சீவல் கிடைக்குமாண்ணேன்னு கேட்டேன். என்னய ஒரு மாதிரி பாத்தாரு.

"எதுக்குப்பா? பல்லு குத்தவா?"

"இல்லண்ணே, ரயிலுப் பொட்டி செய்ய."

ஒண்ணும் சொல்லாம இழைப்புளிய எடுத்து பலகையில ஒரே இழுப்பு, சுருண்டு வந்துச்சு பாருங்க ஒரு சீவல், வெளிச்சத்துல வச்சா அந்தப் பக்கம் வெரல் தெரியுது. காசு வாங்கல. அத தண்ணியில நனச்சு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ராத்திரி முழுக்க வச்சா காலையில தட்டையா வரும். கோச்சு பலகை ஒண்ணு அஞ்சு அங்குலம்னு வச்சுக்கிட்டா 87-ல ஒரு பங்கு ஒண்ணர மிமீ. முனை மழுங்குன ஊசிய ஸ்கேல் ஓரமா வச்சு ஒண்ணர மிமீக்கு ஒரு கோடு கீறணும். அழுத்திட்டா சீவல் கிழிஞ்சிரும், லேசா விட்டா பெயின்ட்டுக்கு அடியில மறஞ்சிரும். ஒரு பக்கத்துக்கு எம்பத்தி சொச்சம் கோடு. ஏழு தடவ கிழிச்சேன். எட்டாவது சரியா வந்தப்ப என் வீட்டுக்காரியக் கூப்பிட்டுக் காமிச்சேன், அவ வெரல்ல தடவிப் பாத்துட்டு எங்க பழைய வீட்டுக் கதவு மாதிரியே இருக்குங்கன்னா.

கொக்கி விசயத்துல நம்ம மீட்டர் கேஜுக்கு நடுவுல மோதல் தாங்குற ஒத்த பஃபர், அதுலயே கொக்கி. சந்தையில கிடைக்குற மாடல் கொக்கி பலதும் அதுக்கு ஒத்துவராது, பித்தளக் கம்பிய வளச்சு நானே செய்யுறேன், இது சும்மா ரெண்டு நாள் வேல.

தனுஷ்கோடி ஸ்டேசன் சுவத்துக்கு பவளக்கல் மாதிரி வேணும்னு ஒருத்தரு கரையில ஒதுங்குனத பொறுக்கிக்கச் சொன்னாரு. தயவுசெஞ்சு யாரும் அத செய்யாதீங்க, பவளத்த எடுக்குறது சட்டப்படி குத்தம், மன்னார் வளைகுடா 1986-லேர்ந்து தேசியப் பூங்கா. சுண்ணாம்புலயே அந்தப் பொத்தல வரவச்சுக்கலாம்.

ஷெர்சருக்கு மோட்டார் வைக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க, சின்ன சர்வோ மோட்டார் வாங்கி வச்சா பட்டன அமுக்குனா தெறக்கும். எனக்கு மனசு வரல. மீன் பிடிக்கிற தங்கூசி நரம்ப கப்பியில சுத்தி, எதிர்ப்பாரத்துக்கு வலையில கட்டுற ஈயக்குண்டத் தட்டி வச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு குட்டிக் கைப்பிடி. ரெண்டு பேரு ஒரே நேரத்துல சுத்துனாத்தான் சமமா எந்திரிக்கும். கால்வட்டமா இருக்குற அடிப்பாகம் பின்னால உருண்டு போகப் போக முன்பக்கம் மேல வருது, நிஜப் பாலத்துல எப்படியோ அப்படியேதான். போன மாசம் அப்பாவ ஒரு பக்கம் நிக்க வச்சேன். அவருக்கு எழுவத்தி ரெண்டு. தாத்தா சுத்துறத சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்தவரு. நான் வேகமா சுத்துனேன், "டேய், மெதுவாடா, அந்தக் கரக்காரன் வரணும்ல"ன்னாரு.

நிஜப் பாலத்துல 2022 டிசம்பர்லேர்ந்து ரயில் போறதில்ல, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தெறந்தாச்சு, அதுல நடு ஸ்பான் லிஃப்டு மாதிரி நேரா மேல போகுது. அப்புறமும் பழசு பக்கத்துலயே நின்னுச்சு. சாயங்காலம் ரோட்டுப் பாலத்துல வண்டிய நிப்பாட்டிட்டு அதோட ரிவிட்டு எண்ணிட்டுத்தான் வருவேன்.

இப்ப எனக்குக் கொறையிறது ரெண்டு சாமான். ஒண்ணு, 12 மிமீ தண்டவாளத்துக்கு ஆரக்கால் போட்ட சக்கரம், 10.5 மிமீ விட்டம், நாலு ஜோடி. இன்னொண்ணு, 1920-க்கு முன்னாடி மண்டபத்துலயோ பாம்பன்லயோ தனுஷ்கோடியிலயோ எடுத்த போட்டோ, கோச்சோட பக்கவாட்டு முழுசா தெரியுற மாதிரி, வீட்டுல பழைய ஆல்பத்துல கல்யாணப் படத்துக்குப் பின்னாடி வண்டி லேசாத் தெரிஞ்சாக்கூடப் போதும். யாரு வீட்டுலயாவது இருந்தா சொல்லுங்க, நானே வந்து படம் பிடிச்சிட்டு ஆல்பத்த அங்கயே குடுத்துட்டு வந்துர்றேன்.